நாணய மாற்றுக் கடையில் ஊருக்குப் பணம் போடலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் கட்டுமான வேலை பார்க்கிறேன். தேக்கா பக்கம் நான் ரூபாய் மாற்றும் கடையில், "ஊருக்கும் நாங்களே போட்டுவிடுகிறோம், ரேட் கூடக் கிடைக்கும்" என்கிறார்கள். போன மாதம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தேன், மறுநாளே அம்மா கணக்கில் ஏறிவிட்டது. ரசீது மட்டும் தரவில்லை. சுவரில் உரிமம் மாட்டியிருக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: அடுத்த முறை கிட்டே போய் அந்த உரிமம் எதற்கு என்று படித்துப் பாருங்கள். 2020 ஜனவரி 28 முதல் நடப்பில் உள்ள கட்டணச் சேவைச் சட்டத்தில் உரிமம் மூன்று வகை. நாணய மாற்று உரிமம் என்றால் நோட்டு வாங்கி நோட்டு கொடுக்கலாம், அவ்வளவுதான். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப 'ஸ்டாண்டர்ட்' அல்லது 'மேஜர்' பேமண்ட் இன்ஸ்டிடியூஷன் உரிமம் வேண்டும், அதிலும் அந்தச் சேவைக்கு அனுமதி இருக்க வேண்டும். இல்லாமல் செய்யும் தனி ஆளுக்கு 125,000 வெள்ளி வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். வங்கிகளுக்கு இந்த உரிமம் தனியாகத் தேவையில்லை.

கடையின் பெயரை சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையதளத்தில், நிதி நிறுவனப் பட்டியலில் தேடுங்கள். என்னென்ன சேவைக்கு அனுமதி என்று அங்கேயே இருக்கும். "விண்ணப்பம் போட்டிருக்கிறோம், சீக்கிரம் வந்துவிடும்" என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

பணம் போய்ச் சேர்ந்ததே என்பீர்கள். உண்டியலிலும் (உரிமம் இல்லாமல் ஆள் வழியாகப் பணம் அனுப்பும் முறை) போய்ச் சேரத்தான் செய்யும். அம்மாவின் பாஸ்புக்கை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பணம் போட்டவர் என்று யாரோ முன்பின் தெரியாதவர் பெயர் இருந்தால் உஷாராகுங்கள். அந்த ஆள் ஏதாவது மோசடி வழக்கில் சிக்கினால், போலீஸ் அம்மாவின் கணக்கையும் முடக்கலாம். கையில் ரசீதும் இல்லாமல் யாரிடம் போய் என்னவென்று விளக்குவது? நூறு வெள்ளிக்குச் சில ரூபாய் கூடுகிறது என்று இந்த வம்பை விலைக்கு வாங்காதீர்கள்.

கேள்வி: பணம் அனுப்பும் கடை ஒன்றில் 'ஸ்டாண்டர்ட்' உரிமம்தான் இருக்கிறது. மட்டமா?

பதில்: மட்டமில்லை, சின்னது. ஒரே சேவையில் கைமாறும் பணம் மாதச் சராசரியாக 3 மில்லியன் வெள்ளியைத் தாண்டினால் 'மேஜர்' உரிமம் எடுக்க வேண்டும். பல சேவை சேர்ந்தால் அந்த வரம்பு 6 மில்லியன். ஒரு வித்தியாசம் மட்டும் உங்களுக்கு முக்கியம்: வாடிக்கையாளர் பணத்தை வங்கி உத்தரவாதத்திலோ 'டிரஸ்ட்' கணக்கிலோ (வாடிக்கையாளர் பணத்தைத் தனியாக வைக்கும் கணக்கு) பாதுகாத்து வைக்கும் கட்டாயம் 'மேஜர்' நிறுவனத்துக்குத்தான். மாதச் சம்பளத்தை அனுப்ப 'ஸ்டாண்டர்ட்' கடையே போதும். வீடு கட்ட மொத்தமாக அனுப்புகிறீர்கள் என்றால் நான் வங்கிக்கோ 'மேஜர்' கடைக்கோதான் போவேன்.