எந்தப் பின்னூட்டம் மேலே வர வேண்டும்?

கேள்வி: எங்கள் தளத்தில் விவசாய வீடியோக்களுக்குக் கீழே வரும் பின்னூட்டங்களில் ‘பயன்பட்டது’, ‘பயன்படவில்லை’ என்று இரண்டு பொத்தான்கள் உண்டு. சதவீதப்படி அடுக்கினால் ஒரே ஒரு ஓட்டு வாங்கியதுகூட முதலிடத்துக்கு வந்துவிடுகிறது. வழி என்ன?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: சதவீதத்தை விட்டுவிட்டு, புள்ளியியலாளர் வில்சன் 1927-ல் தந்த சூத்திரத்தின் கீழ் எல்லையைக் கொண்டு அடுக்குங்கள். எத்தனை ஓட்டு விழுந்தது என்பதையும் கணக்கில் எடுத்து, ‘பயன்பட்டது’ என்போரின் உண்மையான பங்கு குறைந்தது எவ்வளவு இருக்கும் என்று அது மதிப்பிடும். ரெட்டிட் என்ற விவாதத் தளம் 2009-ல் இதைத்தான் எடுத்துக்கொண்டது. 95 சதவீத நம்பிக்கை அளவில் 1-க்கு 1 வாங்கிய பின்னூட்டத்துக்கு 0.21, 10-க்கு 10 வாங்கியதற்கு 0.72, 100-க்கு 90 வாங்கியதற்கு 0.83 கிடைக்கும். ஓட்டு குறையக் குறைய மதிப்பெண்ணும் இறங்கும். ஆனால் நேற்று வந்த நல்ல பின்னூட்டம் ஓட்டு விழாமலே அடியில் கிடக்கும். மேலே ஓரிரு இடங்களைப் புதியவற்றுக்குச் சுழற்சியில் ஒதுக்குங்கள். இன்னொன்று: ஓட்டு காட்டுவது விருப்பத்தை. தவறான மருந்து அளவைச் சொல்லும் பின்னூட்டமும் நிறைய ஓட்டு வாங்கும். அதை ஆள் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: அப்படி இருவரை வைத்து 100 பின்னூட்டங்களைத் தரம் பிரித்தோம். 90-ல் ஒத்துப்போனார்கள். போதாதா?
– வாசகர், ஈரோடு

பதில்: போதாது. இருவருமே 90-ஐ ‘நல்லது’ என்று குறித்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 82-ல் ஒத்துப்போவார்கள் (0.9×0.9 + 0.1×0.1). மிச்சம் இருக்கும் 18-ல் அவர்கள் உண்மையில் ஈட்டியது 8 மட்டுமே. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டுப் பார்க்கும் இந்தக் கணக்குதான் (8/18) உளவியலாளர் கோஹன் 1960-ல் சொன்ன கப்பா அளவு. அது 0.44, சுமார்தான். பெரும்பாலும் கோளாறு ஆட்களிடம் இருக்காது, கேள்வியில் இருக்கும். ‘தரமானதா?’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். வீடியோவைப் பற்றியதா, அதில் இல்லாத தகவல் தருகிறதா, சரிபார்க்க முடியுமா என்று மூன்றாகப் பிரியுங்கள். இருவரும் வீடியோவைப் பார்த்துவிட்டே குறிக்க வேண்டும். ‘2:15-ல் காட்டியது வேறு பூச்சி’ என்பதை எக்செல் தாளில் படிப்பவர் குப்பை என்று தள்ளிவிடுவார்; அதுதான் அங்கே இருப்பதிலேயே நல்ல பின்னூட்டமாக இருக்கும்.

கேள்வி: ஒரே விளம்பரப் பின்னூட்டம் திரும்பத் திரும்ப வருகிறது. நிரல் பிடிக்கவில்லையே?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: யூனிகோடில் ‘கொ’வை இரண்டு குறிகளாகவும் (க, ொ) மூன்றாகவும் (க, ெ, ா) எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. ஒப்பிடும் முன், இவற்றை ஒரே மாதிரியாக்கும் என்.எஃப்.சி. என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றுங்கள். ஔகாரக் குறிக்குப் பதில் ‘ள’ எழுத்தைத் தட்டியிருந்தால் அதுவும் உதவாது. தனி விதி எழுத வேண்டும்.