இடைவேளைக்குப் பின் இரண்டு பாயிண்ட்

அன்புள்ள சார்,

அயர்லாந்தில், கார்க் நகரில் ஒன்பது வருடங்களாக இருக்கிறேன். பதினொரு வயது மகன் இங்குள்ள கிளப்பில் ஹர்லிங் என்ற மட்டைப்பந்து விளையாட்டு ஆடுகிறான். அவனால் எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. 2025 ஜூலை 20 அன்று கார்க் மாவட்ட அணிக்கும் டிப்பரரி மாவட்ட அணிக்கும் நடந்த அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்தை வீட்டில் எல்லோரும் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு பார்த்தோம். இடைவேளையில் கார்க் ஆறு பாயிண்ட் முன்னால். என் மனைவி கேசரிக்கு ரவையே வறுக்க ஆரம்பித்துவிட்டாள். இரண்டாம் பாதியில் கார்க் எடுத்தது மொத்தமே இரண்டு பாயிண்ட். பதினைந்து பாயிண்டில் தோற்றோம். கேசரியை யாரும் தொடவில்லை.

மறுநாள் அலுவலகம் போனால் என் நாற்காலியில் டிப்பரரியின் நீலமும் பொன்னிறமும் கலந்த கொடி. கட்டியவர் பக்கத்து இருக்கைக்காரர், டிப்பரரிக்காரர். "எல்லாம் மண்டைக்குள் இருக்கிறது" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார். உண்மையிலேயே அப்படித்தானா? மனத் தயாரிப்பு என்று இவர்கள் சொல்வதெல்லாம் எதிரணி மீது வெறியேற்றுவதுதானா?

இன்னொன்று. போன மாதம் மகனின் அணி பக்கத்து ஊர் கிளப்பிடம் தோற்றது. காரில் ஏறி ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தான். வீடு வரும்வரை பேசவில்லை. கடைசியில், "அவங்கல்லாம் என் கிளாஸ்லதான் இருக்காங்கப்பா" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்படிக்கு,
கார்க்கிலிருந்து ஒரு வாசகன்

*

அன்புள்ள நண்பருக்கு,

கேசரிக்காக வருந்துகிறேன். நானும் அந்த ஆட்டத்தை இரவுச் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்த்தேன். தட்டு காய்ந்துபோனது.

மற்ற வாசகர்களுக்காக ஹர்லிங் பற்றி நாலு வரி. அணிக்குப் பதினைந்து பேர். கையில் ஆஷ் மரத்தில் செய்த, நுனி அகன்ற மட்டை. தோல் போர்த்தித் தையல் போட்ட, டென்னிஸ் பந்தைவிடக் கொஞ்சம் பெரிய பந்து. குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் அடித்தால் கோல், மூன்று பாயிண்ட். கம்பத்துக்கு மேலே அடித்தால் ஒன்று. ஆடுபவர்களுக்குச் சம்பளம் கிடையாது. டப்ளினில் குரோக் பார்க்கில் எண்பதாயிரம் பேருக்கு முன்னால் ஆடியவர் அந்த வாரமே பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கப் போவார், அல்லது வயரிங் வேலைக்கு.

உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியவில்லை. 2025 ஏப்ரலில் லீக் இறுதியில் டிப்பரரியைக் கார்க் பத்து பாயிண்டில் அடித்தது. மூன்று வாரம் கழித்து, மன்ஸ்டர் என்ற தெற்கு மாகாணத்து அணிகளுக்கான போட்டியில் பதினைந்தில். ஜூலையில் அதே பதினைந்து, திசை மட்டும் மாறிவிட்டது. மூன்று மாதத்தில் யாருக்கும் புதிதாகக் கை முளைக்கவில்லையே.

ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு ஜெயித்தவனுக்கு மனவலிமை இருந்தது, தோற்றவனுக்கு இல்லை என்று சொல்வது ரொம்பச் சுலபம். டிப்பரரி அன்று தற்காப்பில் ஓர் ஆளைக் கூடுதலாக நிறுத்தியது. அது கணக்கு. இரண்டாம் பாதியில் கார்க்கின் தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் வெளியேற்றப்பட்டார், ஒரு பெனால்டியை டிப்பரரி கோல்கீப்பர் ரிஸ் ஷெல்லி தடுத்தார். அதெல்லாம் கையும் காலும் செய்த வேலை. மனம் எங்கே வருகிறது என்றால், இவை ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும்போது அடுத்த பந்துக்கு யார் தயாராக நிற்கிறார்கள் என்பதில்.

அந்த ஆட்டத்தில் நான் கண்ணெடுக்காமல் பார்த்தது டாரா மெக்கார்த்தியை. பத்தொன்பது வயதுப் பையன். ஏப்ரலில் கார்க்கில் நடந்த அந்த மன்ஸ்டர் ஆட்டத்தில் நடுவர் பந்தைப் போடுவதற்கு முன்பே எதிராளியை மட்டையால் இடித்துச் சிவப்பு அட்டை வாங்கியவர். ஆட்டம் தொடங்குவதற்குள் அவர் ஆட்டம் முடிந்தது. ஜூலையில் கில்கென்னி மாவட்ட அணியுடன் அரையிறுதி, அதிலும் வெளியேற்றம். இப்படி ஒரு பையனை இறுதி ஆட்டத்தில் இறக்குவதா என்று நானாக இருந்தால் யோசித்திருப்பேன். மேலாளர் லியம் கேஹில் இறக்கினார். ஒரு கோல், பதிமூன்று பாயிண்ட். மொத்தம் பதினாறு.

வெறியேற்றுவதால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஏப்ரல் போதும். ஜூலையில் அவர் செய்தது வேறு வேலை. எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் ஃப்ரீயை அடிப்பவரைக் கவனித்திருப்பீர்கள். பந்தைப் புல்லில் வைப்பார். இரண்டடி பின்னால். உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைப்பார். கம்பத்தைப் பார்ப்பார், பந்தைப் பார்ப்பார், மறுபடி கம்பம். குனிந்து மட்டையின் நுனியால் பந்தைச் சுண்டி எழுப்பி அடிப்பார். முதல் நிமிடமானாலும் எழுபதாவது நிமிடமானாலும் அதே வரிசை, அதே மூச்சு. எதிரணி ரசிகர்கள் கத்தினால் கத்தட்டும். சடங்கு மாதிரி இருக்கும், ஆனால் மனம் அலைய இடம் விடாமல் நாலு வேலை கொடுத்துவைப்பதுதான் அதன் பயன். உளவியல் பயிற்சி என்றதும் நாம் மேடைப்பேச்சைக் கற்பனை செய்துகொள்கிறோம். பாதிக்கு மேல் அது இந்தத் துடைப்பதும் பார்ப்பதும்தான்.

மேடைப்பேச்சு எப்படித் திரும்பி வந்து அடிக்கும் என்பதற்கும் உங்கள் ஊரிலேயே கதை இருக்கிறது, பெரியவர்களிடம் கேளுங்கள். 1990. முந்தின வருட சாம்பியன் டிப்பரரி. மன்ஸ்டர் இறுதிக்கு முன் அதன் மேலாளர் பாப்ஸ் கீட்டிங், கழுதைகளை வைத்துக்கொண்டு டெர்பி குதிரைப் பந்தயத்தை ஜெயிக்க முடியாது என்று ஒரு வார்த்தை விட்டார். கார்க்காரர்கள் அதைத் தங்களைப் பற்றியதாகவே எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கார்க் பயிற்சியாளர் பேச வேண்டிய அவசியம் என்ன இருந்திருக்கும்? கார்க்கின் மார்க் ஃபோலி இரண்டு கோலும் ஏழு பாயிண்டும் அடித்தார். எட்டு பாயிண்ட் வித்தியாசத்தில் கார்க் ஜெயித்து, அந்த ஆண்டு அகில அயர்லாந்துக் கோப்பையையும் கொண்டுபோனது. வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என்பது இதுதான்.

எதிரியையே நினைத்துக்கொண்டிருப்பதில் இன்னொரு வகை உண்டு, அது இதைவிட மோசம். 2010 இறுதியில் கில்கென்னியின் தொடர்ச்சியான ஐந்தாவது கோப்பையைத் தடுத்து நிறுத்தியது டிப்பரரி. அன்று மூன்று கோல் போட்டவர் லார் கார்பெட். இரண்டு வருடம் கழித்து அரையிறுதியில் அதே இரண்டு அணிகள். கார்பெட் பந்தை விட்டுவிட்டு கில்கென்னியின் டாமி வால்ஷ் பின்னாலேயே மைதானம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தார். தாக்குதல் ஆட்டக்காரர் ஒருவர் தற்காப்பு ஆட்டக்காரரைக் காவல் காக்கிறார்! கார்பெட்டைக் காவல் காக்க வேண்டிய ஜாக்கி டிரெல் அவர் பின்னால். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் பரிதாபமாக இருந்தது. கில்கென்னி பதினெட்டு பாயிண்டில் ஜெயித்தது. எதிரியை அவ்வளவு படித்திருக்கிறார்கள், தங்கள் அணியின் மிக நல்ல ஆட்டக்காரர் எதற்கு இருக்கிறார் என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

சரி, மண்டைக்குள் ஒன்றுமே இல்லையா என்றால், க்ளேர் மாவட்ட அணி இருக்கிறதே. 1914க்குப் பிறகு அவர்கள் கோப்பையைத் தொடவில்லை. பிடி எர்லி என்ற நாட்டு வைத்தியக்காரி விட்ட சாபம் என்று ஊரே நம்பியது. அந்த அம்மாள் இறந்தது 1874இல். இந்த விளையாட்டுக்குச் சங்கம் வைத்து விதி எழுதத் தொடங்கியதே 1884இல்தான். பத்து வருடம் முன்பே செத்துப்போனவர் எந்த அணியைச் சபித்திருப்பார்? ஆனால் சாபத்துக்குத் தேதி பார்ப்பவர் யார். 1995 இறுதியில் ஆஃபலியிடம் இடைவேளையில் இரண்டு பாயிண்ட் பின்தங்கியிருந்தபோது, மேலாளர் கெர் லாக்னேன் உடைமாற்றும் அறைக்குப் போகும் வழியில் தொலைக்காட்சி மைக்கிடம், நாங்கள் ஜெயிக்கத்தான் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பாயிண்டில் ஜெயித்தார்கள். அந்த ஒரு வரியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதற்கு முந்தின குளிர்காலம்தான் முக்கியம். அந்த அணியை மேடுகளில் ஏற்றி இறக்கி ஓடவிட்டு வதைத்திருக்கிறார்கள். உடம்பில் அது இருந்ததால் வாயில் இது வந்தது. மேடு ஏறாமல் மைக்கிடம் மட்டும் சொல்லியிருந்தால் இன்றைக்கு அது ஒரு நகைச்சுவைத் துணுக்கு.

இந்த மனத் தயாரிப்பு வேலையை முறையாகச் செய்தவர்கள் என்றால் லிமரிக் மாவட்ட அணிதான். கரோலைன் கரிட் என்ற உளவியலாளர் 2010இல் டிப்பரரி ஜெயித்தபோது அவர்களோடு இருந்தார். 2018இல் லிமரிக் நாற்பத்தைந்து வருடம் கழித்து ஜெயித்தபோது இவர்களோடு இருந்தார். 2021 மன்ஸ்டர் இறுதி உங்கள் கார்க் மைதானத்தில்தான் நடந்தது. இடைவேளையில் லிமரிக் டிப்பரரியிடம் பத்து பாயிண்ட் பின்னால். ஐந்தில் ஜெயித்தது. அன்று இரண்டாம் பாதியில் நொறுங்கியது டிப்பரரி. உங்கள் பக்கத்து இருக்கைக்காரரிடம் அந்த நாளைப் பற்றியும் கேட்டுப்பாருங்கள், நெற்றியைத் தொட்டுக் காட்டுகிறாரா பார்ப்போம்.

ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போயிற்று. அந்த லிமரிக்கின் மேலாளர் ஜான் கைலி, தொழிலால் பள்ளித் தலைமையாசிரியர். பள்ளி இருப்பது டிப்பரரி நகரத்தில். ஞாயிற்றுக்கிழமை எந்த ஊரைத் தோற்கடித்தாரோ அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நடுவேதான் அவருக்குப் பிழைப்பு. உங்கள் மகன் சொன்னதைப் படித்ததும் எனக்கு அவர் நினைவுதான் வந்தது. பக்கத்து ஊர்ப் பையன்களுக்கும் உங்கள் மகனுக்கும் இன்றைக்குப் பகை. நன்றாக ஆடினால் ஐந்தாறு வருடத்தில் இரு பக்கமும் ஒரே சிவப்புச் சட்டையில் கார்க் இளையோர் அணிக்கு நிற்கும். கிளப்புகளில் ஆடுபவர்களிலிருந்துதான் மாவட்ட அணிக்கு எடுக்கிறார்கள், இந்த விளையாட்டின் அமைப்பே அப்படி. வெறுப்பை மூலதனமாகப் போட்டால் அவனுக்குக் கட்டுப்படியாகாது.

பையனிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். காரில் ஒன்றும் சொல்ல வேண்டாம். எந்தப் பந்தை எப்படி அடித்திருக்கலாம் என்பதை அவன் ஏற்கெனவே நாற்பது தடவை மனசுக்குள் அடித்துப் பார்த்திருப்பான். ஹெல்மெட்டையும் கழற்றச் சொல்லாதீர்கள். முகத்துக்கு முன்னால் கம்பிவலை இருக்கும்வரை அழுவது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், நினைக்கட்டும். பசிக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். மறுநாள் சாயங்காலம் மட்டையை எடுத்துக்கொண்டு சுவருக்கு எதிரே போய் நின்றால் கூடவே போய்ப் பந்து பொறுக்கிப் போடுங்கள். போகாவிட்டால் அதற்கடுத்த நாள் போவான்.

நாற்காலியில் இருக்கும் கொடியை அவிழ்க்க வேண்டாம். ஏப்ரலில் மன்ஸ்டர் போட்டிகள் மறுபடி தொடங்கும். அதுவரை அதன் மேலேயே சாய்ந்து உட்காருங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையும் கேசரி கிண்டச் சொல்லுங்கள், ஆனால் ரவையை இடைவேளைக்கு முன் வறுக்க வேண்டாம்.

அன்புடன்.