அஞ்சல் நிலைய வாசலில் பிடிபட்டால் கொள்ளை முயற்சியா?

உங்கள் இங்கிலாந்துக் குற்றவியல் சட்டத் தேர்வுக் கேள்வியில் வருகிற ஆள் பொம்மைத் துப்பாக்கியும் மிரட்டல் சீட்டுமாக அஞ்சல் நிலைய வாசல் வரை போய், உள்ளே நுழையுமுன் பிடிபடுகிறான், அன்று அங்கே பணமும் இல்லை, அப்படித்தானே? இது ஏறக்குறைய அப்படியே கேம்ப்பெல் வழக்கு. அவர் கதவிலிருந்து ஒரு கஜ தூரத்தில் பிடிபட்டார், ஆனாலும் கொள்ளை முயற்சிக்கான தண்டனையை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. 1981ஆம் ஆண்டின் குற்ற முயற்சிச் சட்டத்தின் முதல் பிரிவு கேட்பது வெறும் ஆயத்தத்தைத் தாண்டிய ஒரு செயலை. கதவுக்கு வெளியே நிற்பவன் யாரையும் இன்னும் மிரட்டவில்லையே. போலீஸ் உள்ளே போகவிட்டுப் பிடித்திருக்க வேண்டுமா என்றால், அங்கே இருக்கும் ஊழியரின் கதி? எனக்கு இந்தத் தீர்ப்பு சரியாகவே படவில்லை, ஆனால் விடையில் அதைத்தான் எழுத வேண்டும்.

எதிர்ப்பக்கத்துக்கு ஜோன்ஸ் வழக்கைக் காட்டுங்கள். காருக்குள் ஏறித் துப்பாக்கியை நீட்டியாகிவிட்டது, விசையை இழுப்பது உட்பட இன்னும் சில செயல்கள் பாக்கி, இருந்தும் கொலை முயற்சித் தண்டனை நின்றது.

அப்புறம், அன்று அங்கே பணமே இல்லை என்கிற பகுதியில் குழம்பாதீர்கள்; நடக்கவே முடியாத குற்றத்துக்கு முயன்றாலும் அது முயற்சிதான். ஷிவ்புரி என்பவர் ஹெராயின் என்று நினைத்து வைத்திருந்தது மூக்குப்பொடி மாதிரி ஏதோ தூள், அப்படியும் 1986இல், அப்போது உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தண்டனையை உறுதி செய்தது.

ஒன்று மறக்க வேண்டாம்: முயற்சி நிற்காவிட்டாலும் 1968 துப்பாக்கிச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் (குற்றம் செய்யும் நோக்கத்தோடு துப்பாக்கி வைத்திருப்பது) உங்கள் ஆள் மாட்டுவான், பொம்மையாக இருந்தாலும்.