சர்ச்லைட்டும் ஒரு கோழியும்

கேள்வி: அமெரிக்காவில் பதவியில் இருக்கும் ஒரு செனட்டர், தேர்தலுக்கு வெகு முன்னால் எடுக்கும் கருத்துக்கணிப்பிலேயே பின்தங்கிவிட்டால், எதிர்த்து நிற்பவரின் வெற்றி வாய்ப்பு பிரகாசம் என்று எடுத்துக்கொள்ளலாமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: ‘பிரகாசம்’ என்ற சொல்லோடு எனக்குப் பழைய பகை. நம் பத்திரிகையில் ராசிபலன் எழுதுகிறவர் வாரம் தவறாமல் ஏதாவது ஒரு ராசிக்குப் ‘பிரகாசமான வாய்ப்பு’ கொடுப்பார். நான் அடிப்பேன். அடுத்த வாரம் இரண்டு ராசிக்குக் கொடுத்திருப்பார். இப்போது நீங்களும் அவரோடு சேர்ந்துகொண்டீர்கள்.

சரி, பிரகாசம்தான் வேண்டுமென்றால் நெவாடாவுக்குப் போவோம். அங்கே சர்ச்லைட் என்றே ஓர் ஊர் இருக்கிறது. சுரங்கத்தால் பிழைத்து, சுரங்கம் ஓய்ந்ததும் மங்கிப்போன ஊர். ஹாரி ரீட் 1939-இல் அங்கே ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். ஜனநாயகக் கட்சிக்காரர். 1987 முதல் 2017 வரை செனட்டர். 2007 முதல் 2015 வரை செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர். 2010 தேர்தலில் மாட்டிக்கொண்டார். மாநிலத்தில் வேலையில்லாதோர் 14 சதவீதத்தைத் தொட்ட வருடம் அது. வருடத் தொடக்கத்துக் கணிப்பில் குடியரசுக் கட்சியின் சூ லோடன் அவரைவிடச் சுமார் 10 சதவீதப் புள்ளி மேலே. ரீடின் கதை முடிந்தது என்று பலர் எழுதியே விட்டார்கள்.

லோடன் முன்பு தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர். அந்த வேலையில் ஒரு சௌகரியம், அடுத்தவர் எழுதிக்கொடுத்ததை வாசித்தால் போதும். 2010 ஏப்ரலில் சொந்தமாகப் பேசினார். மருத்துவச் செலவு குறைய டாக்டரிடம் பண்டமாற்று செய்யலாம், தாத்தா பாட்டி காலத்தில் டாக்டருக்குக் கோழி கொண்டுபோவார்களே என்றார்.

எனக்கு அன்றிலிருந்து சில சந்தேகங்கள். காய்ச்சலுக்கு ஒரு கோழி என்றால் எக்ஸ்ரேவுக்கு எத்தனை? ஸ்கேனுக்கு ஆடு பிடித்துக்கொண்டு போக வேண்டுமா? மீதிச் சில்லறையை டாக்டர் முட்டையாகத் தருவாரா? கோழிக்கே சீக்கு என்றால் முதலில் யாரைப் பார்ப்பார்? காப்பீட்டு நிறுவனம் ‘நாட்டுக்கோழிக்கு மட்டும்தான் பணம் தருவோம், பிராய்லருக்குக் கிடையாது’ என்று சொன்னால் எங்கே போய் முறையிடுவது?

எதிர்த்தரப்பு சும்மா விடுமா? கோழி வேஷம் கட்டி ஆட்களை இறக்கியது. கடைசியில் வாக்குச்சாவடிக்குள் கோழி வேஷத்தில் வரக்கூடாது என்று தேர்தல் அதிகாரிகளே சொல்ல வேண்டியதாயிற்று. ஜூனில் நடந்த உட்கட்சித் தேர்தலில் லோடன் ஷரன் ஏங்கிளிடம் தோற்றார்.

அப்புறம் நடந்தது இன்னும் வேடிக்கை. நவம்பரில் கடைசிக் கணிப்புகள் பெரும்பாலும் ஏங்கிளை முன்னால் காட்டின. வென்றவர் ரீட், 5 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில். ஆங்கிலத்தில் மட்டும் போன் போட்டுக் கேட்டவர்களுக்கு ஸ்பானிஷ் பேசும் வாக்காளர்கள் சரியாகச் சிக்கவில்லை. லாஸ் வேகஸ் ஓட்டல் தொழிலாளர் சங்கம் ரீடுக்காக வீடு வீடாகப் போனதும் கணிப்புகளுக்குச் சரியாகத் தெரியவில்லை. இதே ரீட் 1998-இல் 500 வாக்குகூட வித்தியாசம் இல்லாமல் ஜெயித்தவர். அன்று ‘இவர்களில் யாரும் வேண்டாம்’ என்ற கட்டத்தில் விழுந்தது 8,000-க்கும் மேல். நாம் நோட்டாவை 2013-இல்தான் பார்த்தோம். நெவாடாக்காரர்கள் 1970-களிலேயே பார்த்துவிட்டார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆரம்பக் கணிப்பில் செனட்டர் மோதுவது இன்னும் வாய் திறக்காத ஆளோடு. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி, அன்றைக்கு எல்லாரும் நல்லவர்கள். 2020-இல் மேய்ன் மாநிலத்தில் பதவியில் இருந்த செனட்டர் சூசன் காலின்ஸ் வருடம் முழுக்கப் பெரும்பாலான கணிப்புகளில் சாரா கிடியனுக்குப் பின்னால்தான் இருந்தார். 8 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். அதற்காகக் கணிப்பெல்லாம் பொய் என்று கிளம்பிவிடாதீர்கள். பென்சில்வேனியாவில் அப்போதைய செனட்டர் ரிக் சாண்டோரம் 2005-இலிருந்தே பாப் கேசியிடம் பின்தங்கினார். 2006-இல் 17 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றார். கேசி முன்னாள் ஆளுநரின் மகன், அப்பா பெயரேதான் பிள்ளைக்கும். புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லாத ஆள். கோழிப் பேச்சும் பேசவில்லை.

போன வாரம் பல்வலி. டாக்டர் சொன்ன கட்டணத்தைக் கேட்டதும் லோடன் ஞாபகம் வந்தது. வாயெடுத்தேன், மேஜையில் வள்ளலார் படம் இருந்தது.