கேப் டவுன் ஹியூகனாட் குடும்பத்தின் பூர்வீக ஊரைப் பிரான்சில் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி இது: மருமகள் தென்னாப்பிரிக்காக்காரர், பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் பீனார். முன்னோர் பிரான்சிலிருந்து தப்பி வந்த ஹியூகனாட்டுகள், அதாவது பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகள், என்பது வீட்டுப் பேச்சு. பேரப்பிள்ளைக்காக அந்தப் பிரெஞ்சு ஊர் வரை வம்சாவளியைத் தேட முடியுமா? எங்கே தொடங்குவது?

முடியும். ஆனால் பிரான்சில் தொடங்காதீர்கள். பெயரை வைத்து நேரே பிரான்சுக்குத் தாவுகிறவர்கள்தான் யாரோ ஒருவருடைய தாத்தாவைத் தங்கள் தாத்தாவாக்கிக்கொண்டு திரும்புகிறார்கள்.

உங்கள் விஷயத்தில் ஒரு வசதி உண்டு. கேப்புக்கு, அதாவது இன்றைய கேப் டவுனைச் சுற்றியிருந்த டச்சுக் குடியேற்றத்துக்கு, வந்த முதல் தலைமுறை ஏற்கெனவே நன்றாக அடையாளம் காணப்பட்டதுதான். 1685 அக்டோபரில் பதினான்காம் லூயி, புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த நாந்த் சாசனத்தை ரத்து செய்ததும் புராட்டஸ்டண்டுகள் நாட்டைவிட்டு ஓடினார்கள். அவர்களில் ஏறத்தாழ 200 பேரை டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1688, 1689-ல் கேப்புக்கு ஏற்றி அனுப்பியது. ‘ஃபோர்ஸ்கோட்டன்’ என்ற கப்பல் 1687 டிசம்பர் 31-ல் புறப்பட்டு 1688 ஏப்ரலில் சல்தானா விரிகுடாவில் நங்கூரமிட்டது. அதன் பட்டியலில் ஜாக் பினார், வயது 23, தச்சர். மனைவி எஸ்தர் ஃபூஷே, வயது 21 என்று இருக்கிறது. பீனார்களின் மூதாதை அவர்தான். ஆகவே கடல் கடந்த பகுதி பெரிய சிக்கல் இல்லை. சங்கிலி அறுவது வேறு இரண்டு இடங்களில்: ஒன்று 1750-க்கும் 1850-க்கும் இடையில், இன்னொன்று ஹாலந்தில்.

முதலில் உயிரோடு இருப்பவர்களிலிருந்து பின்னோக்கிப் போங்கள். கேப்பில் 1834 முதல் ஒருவர் இறந்தால் உறவினர் ஒரு மரண அறிவிப்புப் படிவம் நிரப்பித் தர வேண்டும். இறந்தவரின் பெயர், பிறந்த ஊர், பெற்றோர் பெயர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் எல்லாம் ஒரே தாளில் இருக்கும். இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் கோப்பு எண்ணைப் பிடிக்கலாம். பல கோப்புகளின் படங்கள் ஃபேமிலிசெர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இலவசமாகவே உள்ளன. ஒரு எச்சரிக்கை: எண்பது வயதில் இறந்த மாமனாரின் அம்மா பெயர் மருமகனுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கட்டத்தில் தப்பு இருப்பது சகஜம். அதனால் ஒருவருடைய படிவத்தோடு நிறுத்தாமல், கூடப் பிறந்தவர்களின் படிவங்களையும் எடுத்து ஒப்பிடுங்கள். பெண்களைத் தேடும்போது பிறந்த வீட்டுப் பெயரில் தேடுங்கள். டச்சு வழக்கப்படி கல்யாணமான பிறகும் ஆவணங்களில் அந்தப் பெயரே நிற்கும். இது நமக்குப் பெரிய அதிர்ஷ்டம்.

1834-க்கு முன்னால் சபைப் பதிவேடுகள்தான் கதி. டச்சு சீர்திருத்த சபையின் ஞானஸ்நானப் பதிவுகள் கேப் டவுனில் 1665 முதலும், ஸ்டெல்லன்போஷில் 1686 முதலும், ஹியூகனாட்டுகள் நெருக்கமாகக் குடியேறிய டிராக்கன்ஸ்டைனில் 1694 முதலும் உள்ளன. தேதி, குழந்தை, அப்பா, அம்மா, சாட்சிகள் — ஒரு வரி, அவ்வளவுதான்.

இங்கேதான் முதல் முறிவு. மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவழிப் பாட்டி, அடுத்தவளுக்கு அப்பாவழிப் பாட்டி. நம் பக்கத்துப் பழக்கம் போலத்தான். இதன் விளைவு, ஒரு தாத்தாவுக்கு ஆறு மகன்கள் என்றால் அவர் பெயரிலேயே ஆறு பேரன்கள், பத்துப் பதினைந்து ஆண்டு வித்தியாசத்தில், பக்கத்துப் பக்கத்துப் பண்ணைகளில் இருப்பார்கள். இவர்களைப் பிரித்துக் காட்டத்தான் தென்னாப்பிரிக்க வம்சாவளிக்காரர்கள் டி வில்லியர்ஸ்–பாமா எண்முறையைப் பயன்படுத்துகிறார்கள். மூதாதை ‘ஏ’, அவர் பிள்ளைகள் ‘பி’, பேரப்பிள்ளைகள் ‘சி’. பி3சி2 என்றால் மூதாதையின் மூன்றாவது பிள்ளைக்குப் பிறந்த இரண்டாவது பிள்ளை. அச்சான வம்சாவளித் தொகுப்புகளில் இந்த எண் இருக்கும். அதை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம், ஆதாரமாக அல்ல. ஒரே பெயருள்ள இரண்டு பேர் ஒருவராகக் கலந்துபோன இடங்கள் அவற்றில் உண்டு.

கலந்துபோனவர்களைப் பிரிக்க நல்ல வழி சொத்துப் பட்டியல். கணவனோ மனைவியோ இறந்து, மிஞ்சியவர் மறுமணம் செய்ய வேண்டுமானால், முதல் தாரத்துப் பிள்ளைகளின் பங்கைக் கணக்குப் பார்த்தாக வேண்டும். அந்தக் கணக்குகள் கேப்பின் வீஸ்காமர், அதாவது அநாதைப் பிள்ளைகளின் சொத்தைப் பார்த்துக்கொண்ட அவையின் கோப்புகளில், 1834 வரை இருக்கின்றன. வாரிசுகளைப் பெயரோடு, பல இடங்களில் வயதோடும், எழுதியிருப்பார்கள். இரண்டு பீட்டர்களில் நம்மவர் யார் என்ற வழக்கை ஞானஸ்நானப் பதிவு தீர்க்காது, இது தீர்த்துவிடும். ஞானஸ்நான சாட்சிகளையும் விடாதீர்கள். சாட்சி நிற்பவர் பெரும்பாலும் சித்தப்பா, அத்தை, தாய்மாமன். வெறும் விருந்தாளி அல்ல.

பெயர் எழுத்து பற்றி ஒன்று. டச்சு எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். பினார் பீனார் ஆனது அப்படித்தான். மெனார் மினார் ஆனது, ரெத்தீஃப் ரெட்டீஃப் ஆனது, வில்லியோன் ஃபில்யூன் ஆனது, செனஷால் செனெக்கால் ஆனது. முதற்பெயர்களும் மாறும்: பியேர் பீட்டர் ஆவார், கியோம் வில்லம் ஆவார், எத்தியேன் ஸ்டெஃபானஸ் ஆவார். எனவே எழுத்தைப் பார்த்துத் தேடாமல் ஓசையைப் பார்த்துத் தேடுங்கள்; முதல் மெய்யெழுத்தையும் நடு மெய்யெழுத்தையும் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு ஒலியுள்ள பெயரெல்லாம் 1688 கப்பல்களில் வந்த பெயர் என்றும் நம்பிவிடாதீர்கள். ஃபில்யூன்களின் மூதாதை 1671-லேயே, சாசனம் ரத்தாவதற்கு 14 ஆண்டுகள் முன்பே, கேப்புக்கு வந்துவிட்டார். பெயருக்கு முன்னால் ‘டி’ இருந்தால் பிரபு வம்சம் என்பதும் காசுக்குக் குடும்பச் சின்னம் விற்பவர்கள் கிளப்பிவிட்ட கதை.

இனி ஹாலந்து. ஜாக் பினார் காலத்தில் ஒருவரும் பிரான்சில் கப்பலேறி நேரே கேப்புக்கு வரவில்லை. நாட்டைவிட்டுப் போவதே குற்றம். பிடிபட்ட ஆண்களுக்கு அரசுக் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை. ஆகவே புறப்பட்டதற்குப் பதிவு இராது. போய்ச் சேர்ந்ததற்குத்தான் இருக்கும். மிடல்பர்க், லைடன், ராட்டர்டாம், ஆம்ஸ்டர்டாம் போன்ற ஊர்களில் பிரெஞ்சு மொழியில் ஆராதனை நடத்திய வலூன் சபைகள் இருந்தன. அவற்றின் பதிவேடுகளுக்கு லட்சக்கணக்கான அட்டைகள் கொண்ட ஓர் அட்டவணை உண்டு, ‘வலூன் அட்டைகள்’ என்பார்கள். கேப்புக்கு வந்த பல ஜோடிகள் கப்பலேறுவதற்குச் சில மாதங்கள் முன்புதான் கல்யாணம் செய்துகொண்டார்கள். அந்தத் திருமணப் பதிவில் ‘இன்ன ஊரில் பிறந்தவர்’ என்று ஒரு சொல் இருந்தால் உங்கள் தேடலில் பாதி முடிந்தது. அட்டை என்பது பிரதி எடுத்தவர் வாசித்த வாசிப்பு மட்டுமே. அசல் பக்கத்தைப் பார்க்காமல் ஊர்ப் பெயரை நம்பாதீர்கள்.

சபை உறுப்பினர் பதிவில் இரண்டு சொற்களைக் கவனியுங்கள். ‘தெமுவான்யாஜ்’ என்றால் முந்தைய சபையின் சான்றுக் கடிதத்தோடு வந்தவர். ‘ரெக்கொனெஸான்ஸ்’ என்றால் பிரான்சில் மிரட்டலுக்குப் பயந்து கத்தோலிக்கராகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தப்பி வந்ததும் சபை முன்னால் அதை அறிக்கையிட்டு மன்னிப்புக் கேட்டவர். இரண்டாவது சொல் இருந்தால் அவர் அண்மையில்தான் வந்து சேர்ந்திருக்கிறார் என்று பெரும்பாலும் கொள்ளலாம். பிரான்சில் அந்தக் கையெழுத்து 1685–86 பங்குப் பதிவேடுகளில் இருக்கவும் கூடும்.

தேதியில் சறுக்குவது சுலபம். பழைய பிரெஞ்சுப் பதிவில் 7 என்ற எண்ணுக்குப் பின்னால் ‘ப்ர’ என்று சுருக்கி எழுதியிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். ‘8ப்ர’ அக்டோபர், ‘9ப்ர’ நவம்பர், ரோமன் பத்து போட்டிருந்தால் டிசம்பர். குடும்பத்தின் ஒரு கிளை லண்டனுக்குப் போயிருந்தால் நாட்காட்டியும் மாறும். இங்கிலாந்தில் 1752 வரை பழைய நாட்காட்டி (அப்போது பிரான்சைவிடப் பத்து நாள் பின்தங்கியது), புத்தாண்டு மார்ச் 25-ல். லண்டனின் 1687 பிப்ரவரி 14 பிரான்சுக்கு 1688 பிப்ரவரி 24. (லண்டன் கிளைகளில் சில கம்பெனி வேலையாகச் சென்னைக்கும் வந்தன. 1770 முதல் 1773 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசியாஸ் டூ ப்ரே ஹியூகனாட் வழிவந்தவர்தான்.)

ஊர் தெரிந்த பிறகு பிரான்ஸ். அந்த மாவட்டத்தின் ஆவணக் காப்பகத் தளத்தில் 1685-க்கு முந்தைய புராட்டஸ்டண்ட் பதிவேடு இருக்கிறதா என்று பாருங்கள். லா ரொஷெல் போன்ற ஊர்களுக்கு நிறையவே தப்பியிருக்கின்றன. பல ஊர்களுக்கு ஒன்றுமே இல்லை. இல்லாவிட்டால் நோட்டரிப் பத்திரங்களுக்குப் போங்கள். கல்யாண ஒப்பந்தத்தில் இரு பக்கத்துப் பெற்றோர், ஊர், சீர்வரிசை, அடியில் கையெழுத்து எல்லாம் இருக்கும். ஹியூகனாட்டுகளில் எழுதத் தெரிந்தவர்கள் அதிகம் என்பதால் கையெழுத்து நல்ல சாட்சி: பிரான்சின் பத்திரத்தில் உள்ள கையெழுத்தையும் கேப்பின் உயிலில் உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலெழுத்தின் சுழியையும் கடைசியில் இழுத்த கோட்டையும் பாருங்கள்.

தப்பியோடியவர்களின் சொத்தை அரசு பறிமுதல் செய்தது. 1689 டிசம்பரில் வந்த ஆணை, அதை ஊரில் தங்கிவிட்ட நெருங்கிய உறவினருக்குக் கொடுக்க வழி செய்தது. கேட்டு வந்தவர் தனக்கும் ஓடிப்போனவருக்கும் என்ன உறவு என்பதைச் சொல்லியாக வேண்டும். அதனால் அந்தக் காகிதங்களில் வம்சாவளி தானாகவே எழுதப்பட்டிருக்கும். பாரிஸ் தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘டிடி’ (TT) வரிசையில் இவை இருக்கின்றன.

மரபணுச் சோதனைக்குச் செலவு செய்வதானால் ஆண்வழியைக் காட்டும் சோதனை மட்டும் பயன்படும், அதுவும் பீனார் பெயர் தாங்கிய ஓர் ஆணிடமிருந்து. பத்துத் தலைமுறைக்கு முந்தைய ஒரு மூதாதையின் பங்கு சராசரியில் 1,024-ல் ஒன்றுதான்; சாதாரணச் சோதனையில் அது தெரியாது.

பிரெஞ்சுக் காப்பகத்துக்குக் கடிதம் எழுதும்போது ‘எங்கள் முன்னோர்களைக் கண்டுபிடித்துத் தாருங்கள்’ என்று கேட்காதீர்கள்; அந்த வேலையை அவர்கள் செய்வதில்லை. ஊரின் பெயர், ஐந்து ஆண்டுக்குள் அடங்கும் காலம், முடிந்தால் நோட்டரியின் பெயர், இந்த மூன்றையும் எழுதி, பதிவேட்டின் குறியீட்டு எண்ணை மட்டும் கேளுங்கள்.