டெனேரிஸ் மாறியது எந்த இடத்தில்?

கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரில் அடிமைகளை விடுவித்த அரசி டெனேரிஸ் கடைசியில் ஒரு நகரத்தையே எரித்தது திடீர் மாற்றமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

163 அடிமைக் குழந்தைகளை எஜமானர்கள் சிலுவையில் அறைந்ததற்குப் பதிலடியாக, மீரீன் நகரத்தில் 163 எஜமானர்களை அவள் அறையச் சொல்கிறாள், நமக்கும் அது நியாயமாகவே படுகிறது. அப்புறம் ஒரு மகன் வந்து நிற்கிறான்: குழந்தைகளைக் கொல்லக் கூடாது என்று எதிர்த்தவர் என் அப்பா, அவரையும் அறைந்துவிட்டீர்கள், புதைக்கவாவது விடுங்கள் என்கிறான். புதைக்க விடுகிறாள். தப்பு செய்துவிட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.

விரிசல் அங்கேதான். நல்லது நடக்க வேண்டும் என்ற ஆசை, என் கையால்தான் நடக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. 2019இல் வந்த கடைசி சீசனில் எதிரி நகரம் சரணடைந்ததற்கான மணி ஒலித்த பிறகும் எரிக்கிறாளே, அந்த நேரத்தில் தடுத்துச் சொல்ல அவளுடைய நெருங்கிய ஆலோசகர்களான மிஸ்ஸாண்டேயோ ஜோராவோ உயிரோடு இல்லை.