வீட்டுக்கு வந்து ஆன்டெனா காலிபிரேஷன்: 1,800 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: போன வருடம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலு ஆன்டெனா வைத்த வைஃபை ரூட்டர் வாங்கினேன். ஒரு மாதமாகப் படுக்கையறையில் சிக்னல் சரியில்லை. பார்க்க வந்த சர்வீஸ்காரர், "ஆன்டெனா காலிபிரேஷன் போயிடுச்சு சார், லேப்டாப்பில் போட்டு இங்கேயே சரிபண்ணித் தரேன், 1,800 ரூபாய் ஆகும்" என்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: கொடுக்காதீர்கள். காலிபிரேஷன், அதாவது ஆன்டெனாக்களுக்கு இடையிலுள்ள சின்ன வித்தியாசங்களை அளந்து திருத்துவது, உண்மையிலேயே இருக்கிற விஷயம்தான். ஆனால் அது ஹாலில் உட்கார்ந்து லேப்டாப்பில் செய்கிற வேலை இல்லை.

ஒவ்வொரு ஆன்டெனாவுக்குப் பின்னாலும் தனி ஆம்ப்ளிஃபயர், தனி ஃபில்டர் உண்டு. ஒரே தொழிற்சாலையில் செய்தாலும் இவை அச்சு அசலாக ஒன்றுபோல் அமையாது. ஒன்றில் பலம் கொஞ்சம் கூடும், இன்னொன்றில் சிக்னல் துளி தாமதமாகும். மயிலாப்பூரில் தேர் வடம் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் தேர் நகரும். ஆன்டெனாக்கள் சேர்ந்து உங்கள் போன் பக்கம் சிக்னலைக் குவிப்பதும் அப்படித்தான். வைஃபை பயன்படுத்தும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அலையின் நீளம் சுமார் 6 சென்டிமீட்டர். ஓர் அலை 3 சென்டிமீட்டர் பின்தங்கினால் இன்னொன்றுக்கு எதிராகவே வேலை செய்யும்.

அதனால் தொழிற்சாலையிலேயே, வெளி சிக்னல் நுழையாத பெட்டிக்குள் வைத்து, அளவுக் கருவியோடு இணைத்துப் பார்த்து, திருத்த எண்களை ரூட்டரின் மெமரியில் எழுதிவிடுவார்கள். அந்த எண்கள் அந்த ஒரு ரூட்டருக்கு மட்டுமே பொருந்தும். வேறொன்றிலிருந்து காப்பி எடுத்துப் போட்டால் சரிவராது. அதுமட்டுமல்ல, வைஃபை 5 என்ற தலைமுறை முதல், இப்படிச் சிக்னலைக் குவிக்கும் வசதிக்கு ஒத்துழைக்கும் போன் தன்னிடம் சிக்னல் எப்படி வந்து சேர்ந்தது என்று அளந்து ரூட்டருக்குச் சொல்லிவிடும். அனுப்பும்போது வரும் தாமத வித்தியாசமும் அந்த அளவிலேயே அடங்கிவிடுவதால் ரூட்டர் தானே ஈடுகட்டிக்கொள்ளும்.

சரி, அந்த எண்கள் அழியவே அழியாதா? யாராவது வேறு ஃபர்ம்வேர் (ரூட்டரை இயக்கும் மென்பொருள்) ஏற்றி, மெமரியின் அந்தப் பகுதியைத் துடைத்துவிட்டால் அழியும். பேக்கப் இல்லையென்றால் திரும்ப வராது. செகண்ட் ஹேண்ட் ரூட்டர் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். நீங்கள் சீல் பிரிக்காத பெட்டியாக வாங்கி, யாரும் கைவைக்காமல் இருந்தால் இந்தக் கவலையே வேண்டாம்.

அப்படியானால் சிக்னல் ஏன் குறைந்தது என்று கண்டுபிடிக்க, ரூட்டரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று போனில் வேகத்தைப் பாருங்கள். அங்கே நன்றாக இருந்தால் ரூட்டரில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. இந்த ஒரு மாதத்தில் பீரோவை, நிலைக்கண்ணாடியை இடம் மாற்றினீர்களா? இரும்பு பீரோ ஒன்று குறுக்கே நின்றாலே படுக்கையறைக்கு சிக்னல் நன்றாகக் குறைந்துவிடும். ரூட்டரைக் கொஞ்சம் உயரத்தில், வீட்டின் நடுப்பக்கமாக வைத்துப் பாருங்கள்.

பக்கத்திலேயே மந்தமாக இருந்தால், கழற்றி மாட்டும் ஆன்டெனாவாக இருக்கும்பட்சத்தில் திருகி இறுக்குங்கள். அப்புறமும் சரியாகவில்லையென்றால் பில்லோடு வாரன்டியில் கொடுங்கள். அதுவரை யாரையும் ரூட்டரைப் பிரிக்க விடாதீர்கள், பிரித்ததைக் காரணம் காட்டி வாரன்டியை மறுக்கலாம். வாரன்டிக் காலம் இருந்தும் தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள்.